இளையோருக்கு ஏன் மூச்சிரைக்கிறது?

(மஞ்சூரில் நடைபெற்ற மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)

  

நான் மருத்துவன் அல்லன். தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஆயினும் இன்று மருந்தைப் பற்றிப் பேச முற்படுவது நம் மரபுக்குப் புறம்பானதன்று. ஏலாதி, சிறுபஞ்சமூலம் எனத் தம் அறநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டியவர்கள் நம் சமணப் புலவர்கள். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்துக்கும் இடமுண்டு. பிராணங்கள் பத்து என்று எண்ணிய நம் முன்னோர், மூச்சை அவற்றுள் ஒன்றாக வைத்தனர். அந்த மூச்சு இளம் வயதிலேயே தடுமாறினால் என்ன பொருள் என்பதே என் பேச்சு.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். இம்மலைப் பகுதிப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாள்தோறும் பிந்தி வருவாள். பள்ளிக்கு ஏறும் மேட்டில் இரண்டு இடங்களில் நின்றுதான் வருவாள். கேட்டால், "மூச்சு வாங்குகிறது ஐயா" என்பாள். மலையில் பிறந்த பெண்ணுக்கு மேடு ஏற மூச்சு வாங்குமா என்று, வகுப்பறையில் எல்லோரும் கேட்க அவளைச் சோம்பேறி என்றேன். அதன்பின் அவள் காரணம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதாகி, வயிற்றில் குழந்தையோடு தாய்வீடு வந்திருந்தபோது, இரவில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாளாம். குளிர் என்றார்கள் சிலர். கர்ப்பத்தில் இயல்பு என்றார்கள் சிலர். மனக்கவலை என்றும் சொன்னார்கள். கோவைக்குக் கொண்டு சென்று எக்கோ பரிசோதனை செய்தபோதுதான், இதயத்தின் ஈரிதழ் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலின் எச்சம் அது.

இந்நோய் வரும் வழியை ஒவ்வொரு பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் குழந்தைக்குத் தொண்டைப் புண் வருகிறது. அது ஆறிய சில வாரங்களில் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறிமாறி வலியும் வீக்கமும் தோன்றுகின்றன. மூட்டு நலமாகிவிடும், இதய வால்வில் தழும்பு தங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்தே அது மூச்சிரைப்பாக வெளிப்படும். கர்ப்ப காலத்தில் இரத்த ஓட்டம் மிகுவதால் அதுவரை மறைந்திருந்த குறை வெளிவந்துவிடும். தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் மருந்து கொடுத்தால் வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். ஒருமுறை அது வந்தவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி இட்டு, மீண்டும் வராமல் காக்கிறார்கள். சுருங்கிய வால்வை நெஞ்சைப் பிளக்காமல் பலூன் கொண்டு விரிக்கும் முறையை, ஜப்பானிய மருத்துவர் கான்ஜி இனோவே 1984-இல் உலகுக்கு அறிவித்தார். அம்முறையால்தான் என் மாணவியும் அவள் குழந்தையும் பிழைத்தார்கள்.

"மலைக்காற்று அப்படித்தான்" என்னும் சொல்லை இனி நாம் எச்சரிக்கையோடு கையாள வேண்டும். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. சமவெளியிலிருந்து வரும் விருந்தினருக்கு முதல் சில நாள் மேடு ஏறும்போது இரைப்பது இயல்பு. பிறகு உடல் பழகிவிடும். இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குச் சென்ற ஆண்டு ஏறிய மேடு இந்த ஆண்டு ஏற முடியவில்லை என்றால், மலை மாறவில்லை, உடல்தான் மாறியிருக்கிறது.

அப்படி மாறுவதற்கு மிகப் பொதுவான காரணம் இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையலாகாது, ஆணுக்கு 13. இவை கடல்மட்டத்துக்கான அளவுகள். உயரம் கூடக்கூட இன்னும் மிகுதியாக வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆகவே சமவெளியில் "பரவாயில்லை" என்று சொல்லப்படும் எண், மலையில் பற்றாக்குறையாக இருக்கக்கூடும்.

நம் வீடுகளுக்குரிய செய்தி ஒன்று. புலால் மறுத்தல் நம் உயிர்நாடி, அதில் மாற்றமில்லை. ஆனால் வைட்டமின் பி12 தாவர உணவில் இல்லை. பாலிலும் தயிரிலும் ஓரளவு உண்டு. பால் வேண்டாம் என்று ஒதுக்கும் பிள்ளைகளுக்கு அது குறைந்து, அதனாலும் சோகை வரும். மருத்துவரைக் கேட்டு மாத்திரையால் ஈடுசெய்யலாம். கேழ்வரகும் கீரையும் உண்டால் மட்டும் போதாது. உடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால்தான் இரும்புச்சத்து நன்கு சேரும். உணவோடு தேநீர் அருந்தினால் அச்சத்து உடலில் ஏறாமல் தடைப்படும். தேயிலை ஊரில் இதைச் சொல்வது கடினம்தான்; தேநீரை விடச் சொல்லவில்லை, உண்டபின் ஒரு மணி நேரம் பொறுத்து அருந்தச் சொல்கிறேன். நோன்பிருக்க விரும்பும் இளம்பெண்களின் இரத்த அளவை முன்னரே பார்த்துவிடுவது பெரியவர்களின் கடமை.

நம்மைச் சூழ வாழ்வோரையும் மறக்கலாகாது. ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்னும் அறிஞர் இருவர், நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் உரு இரத்த அணுப் பண்பு உண்டென்று 1952-இல் அறிவித்தனர். பெற்றோர் இருவரிடமிருந்தும் இப்பண்பைப் பெற்ற பிள்ளைக்குச் சோகையும், எலும்பு வலியும், சில வேளைகளில் நெஞ்சு வலியோடு கூடிய மூச்சுத் திணறலும் வரும். இதை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023-இல் தொடங்கப்பட்டது. நம் தோட்டங்களில் உழைக்கும் இளைஞர் அடிக்கடி படுத்துவிட்டால், என்னைப்போல் சோம்பல் என்று தீர்ப்பளிக்காதீர்கள்.

ஆஸ்துமாவும் உண்டு. இரவிலும் விடியலிலும் இருமல், குளிர்காற்றில் ஓடினால் நெஞ்சிறுக்கம் என்று அது வரும். அடைத்த சமையலறையின் விறகுப் புகையும், தொழிற்சாலைத் தேயிலைத் தூசியும் அதனைத் தூண்டும். இன்ஹேலரைக் கண்டு அஞ்ச வேண்டா. அது மருந்தை நேரே மூச்சுக்குழாய்க்குக் கொண்டு செல்லும் வழியே. தைராய்டுக் கோளாறு, காசநோயால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தல் ஆகியனவும் இளம் வயதில் வருவனவே. மனப்பதற்றத்தாலும் மூச்சுத் திணறும். அதுவும் நோயே, நடிப்பன்று. ஆனால் மற்றவற்றைச் சோதித்து விலக்கிய பின்னரே அம்முடிவுக்கு வரவேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள் சில. திடீரென ஒருபக்க நெஞ்சுவலியோடு மூச்சு முட்டுதல், பிள்ளைப்பேற்றுக்குப் பின்போ நெடும்பயணத்துக்குப் பின்போ ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சிரைத்தல், உதடு நீலித்தல், மயங்கி விழுதல். இவற்றில் விடியட்டும் என்று இருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மலைப்பாதையில் நேரம் கூடுதலாக ஆகும் என்பதால், நாம் மற்றவரினும் முன்னதாகப் புறப்பட வேண்டியவர்கள்.

மற்ற நிலைகளில் இரத்தப் பரிசோதனை, நெஞ்சு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., மூச்சுத் திறன் சோதனை, தேவைப்படின் எக்கோ என்னும் வரிசையில் பெரும்பாலான காரணங்கள் வெளிப்பட்டுவிடும். நோய் இன்னதென்று அறிந்து, அதன் மூலத்தையும் அறிந்தபின் மருத்துவம் செய்க என்பதே குறளின் மருந்து அதிகாரம் நமக்குக் காட்டும் முறை.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாணவியைக் கடைவீதியில் கண்டேன். மகளின் கையைப் பிடித்திருந்தாள். அன்று சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். "நீங்கள் சொன்னதை நானும் நம்பிவிட்டேன் ஐயா" என்றாள். கோபமின்றித்தான் சொன்னாள், எனினும் அச்சொல் இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

கடுஞ்சொல்லும் இம்சையே என்று நாம் கற்றிருக்கிறோம். இளையவர் ஒருவர் மூச்சு வாங்குகிறது என்றால், முதலில் அவரை நம்புங்கள். பிறகு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.