விட்டுப்போன ஆண்டுகள்



நம்மவரிற் பலருடைய பிள்ளைகளும் உடன்பிறந்தாரும் இன்று பிரித்தானியாவிலே குடியிருக்கின்றனர். அவர்களோடு பேசும்பொழுது ‘ஸ்டாம்ப்’ என்றொரு சொல் அடிக்கடி காதில் விழும். “எனக்கு இருபது வருட ஸ்டாம்ப் இருக்கிறது” என்பார்கள். தபால் முத்திரை சேர்க்கிறார்களாக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆந் திகதி அந்நாட்டிலே தேசியக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தபொழுது, தொழிலாளிக்கு ஓர் அட்டை இருந்தது. வாரந்தோறும் அதில் முத்திரை ஒட்டப்பட்டது. 1975இல் அட்டையும் முத்திரையும் ஒழிந்தன. சொல் மாத்திரம் நிலைத்துவிட்டது. முதுமையில் அரசாங்கம் கொடுக்கும் ஓய்வூதியம் இந்த முத்திரைக் கணக்கையே பொறுத்தது.

உடல் நலமிழந்து தொழிலை விட்டவர் இக்கணக்கில் விழும் வெற்றிடங்களைத் தம் கைப்பணத்தால் நிரப்ப வேண்டுமா என்பதே இன்று நாம் ஆராயப் போகும் வினா.

என்னோடு ஒரே வகுப்பிற் படித்த நண்பரொருவர் 1999இல் இலண்டன் சென்றார். பெற்றோல் நிலையமொன்றிற் பதினாறு ஆண்டுகள் இரவு வேலை பார்த்தார். 2016இல் பாரிசவாதம் கண்டு வலக்கை முற்றாக ஓய்ந்தது. ஏறக்குறைய இரண்டாண்டு அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. பின்னர் தவணை முடிந்ததென்று நிறுத்திவிட்டது. மனைவி உழைக்கின்றமையால் வேறு உதவிக்கும் இடமில்லை. 2025ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எனக்கு எழுதிய கடிதத்திற் கலக்கம் தெரிந்தது. கணக்கிலே ஏழு ஆண்டுகள் வெறுமையாகக் கிடக்கின்றனவாம். பொதுவாக ஆறாண்டுகள் வரையே பின்னோக்கிச் செலுத்தலாம். அந்த ஆறுக்கும் ஏறக்குறைய 5,500 பவுண் வேண்டும். மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த பணத்தை எடுக்கவா என்று கேட்டிருந்தார்.

வெற்றிடம் இருப்பது வேறு, ஓய்வூதியத்தில் குறை இருப்பது வேறு. இந்த வேற்றுமையை அறியாமலே பலர் பணத்தைக் கட்டிவிடுகின்றனர்.

2016 ஏப்ரலில் வந்த புதிய முறைப்படி முழு ஓய்வூதியம் பெற 35 ஆண்டுக் கணக்கும், ஏதேனும் பெறுவதற்குப் பத்தாண்டேனும் வேண்டும். 2016க்கு முன்னரே உழைக்கத் தொடங்கியவர்க்குக் கணக்குச் சற்று மாறும். தொழிலிடத்து ஓய்வூதியத்திற் சேர்ந்திருந்தவர்க்கு மேலும் மாறும். ஆகையால் மனக்கணக்கை நம்பாது, அரசாங்கத்திடமிருந்து ஓய்வூதிய மதிப்பீட்டைப் பெற்றுப் பார்ப்பதே முறை. நண்பர் அத்தகைய தொழிலிடத் திட்டம் எதிலும் சேர்ந்திருக்கவில்லை. உழைத்த ஆண்டுகள் 16, உதவிப்பணம் பெற்ற காலத்திற்கு இலவசமாகப் பதிந்த ஆண்டுகள் 2, ஆக 18. அவர் ஓய்வூதிய வயதாகிய 67ஐ அடைய 2041 ஆகும்.

‘இலவசமாகப் பதிந்த’ என்றேன் அல்லவா? அதுதான் இங்கே உயிர்நாடி. நோயால் உழைக்க இயலாதவர்க்கு அரசாங்கமே வாரவாரம் கணக்கில் வரவு வைக்கும். ஈ.எஸ்.ஏ. என்னும் உதவிப்பணத்தில் ஒரு பிரிவினர்க்குப் பணம் 365 நாளோடு நின்றுவிடும்; ஆயினும் வைத்தியச் சான்று காட்டி, பணமின்றி வரவை மாத்திரம் தொடர்ந்து பெறலாம். காசு வராத விண்ணப்பத்தை யார் மினக்கெட்டு நிரப்புவார்? நண்பரும் நிரப்பவில்லை. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அங்கவீனருக்குரிய ‘பிப்’ என்னும் கொடுப்பனவு அவருக்குத் தவறாமல் வருகின்றது. அரசாங்கமே என்னை இயலாதவன் என்று ஒப்புக்கொண்டதே, முத்திரையும் விழுந்துகொண்டுதானே இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். ‘பிப்’ பெறுவதனால் ஒரு முத்திரையும் விழாது. இதனை அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

இனி அந்த வரவுக்கு விண்ணப்பித்து, 2026–27 முதல் 2040–41 வரை அது ஒழுங்காகக் கிடைக்குமாயின் 15 ஆண்டுகள் சேரும். பதினெட்டும் பதினைந்தும் முப்பத்துமூன்று. அவருக்கு உண்மையிற் குறைவது இரண்டே ஆண்டுகள். மற்றை நான்கிற்குக் கட்டும் பணம் கடலிற் கரைத்த பெருங்காயம்.

அந்த இரண்டாண்டையேனும் வாங்குவது இலாபமா? 2025–26ஆம் ஆண்டு விகிதப்படி ஓராண்டுக்குக் கட்டணம் 923 பவுண். அதனாற் கூடும் ஓய்வூதியம் வாரத்துக்கு 6 பவுண் 58 பென்ஸ். வருடத்துக்கு 342 பவுண். ஓய்வு பெற்று மூன்றாண்டு தாண்டினால் முதல் திரும்பிவிடும். ஆனால் ஓய்வூதிய வயதை எட்டுமுன் ஒருவர் இறந்துவிட்டால் கட்டியது வீட்டாருக்குத் திரும்புவதில்லை. நோயாளியிடம் இதைக் கூறுவது எளிதன்று. எனினும் அவருடைய வைத்தியர் என்ன கருதுகிறார் என்று கேட்காமல் இந்தக் கணக்கைப் போடுவது பொய்க்கணக்கு.

இன்னொன்றும் உண்டு. வருமானம் குறைந்த முதியோர்க்கு ‘பென்ஷன் கிரெடிட்’ என்றோர் உதவி இருக்கிறது. நான் முன்னர் சொன்ன வரவுக்கும் ஆங்கிலத்தில் கிரெடிட் என்றே பெயர். பெயர் ஒன்றானாலும் பொருள் வேறு. 2025–26இல் இவ்வுதவி தனியொருவரின் வருமானத்தை வாரம் 227 பவுண் 10 பென்ஸ் வரை உயர்த்திக் கொடுத்தது. கடும் இயலாமையோடு தனித்து வாழ்பவர்க்கு, அவரைப் பராமரிப்பதற்கென்று வேறெவரும் கொடுப்பனவு பெறாவிடின், மேலும் 82 பவுண் 90 பென்ஸ் உண்டு. இரண்டுஞ் சேர்ந்து 310 பவுண். முழு ஓய்வூதியமோ 230 பவுண் 25 பென்ஸ்தான்! ஆகவே வேறு வருமானமும் சேமிப்பும் இல்லாத அத்தகையவர் ஆண்டுகளை விலைக்கு வாங்கி ஓய்வூதியத்தைக் கூட்டினால், கூடிய அளவே உதவி குறையும். ஒரு கையாற் கொடுத்ததை மறு கையால் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் அந்நாட்டிலேயே இருப்பவர்க்கு. “கண்ணை மூடுவது ஊரில்தான்” என்று என் நண்பரைப் போற் சொல்பவர்க்கு நிலைமை தலைகீழாகிவிடும். பென்ஷன் கிரெடிட் இலங்கையிற் குடியேறியவர்க்குக் கிடையாது. ஓய்வூதியம் கிடைக்கும், ஆனால் அங்கே ஆண்டுதோறும் உயர்வது போல இங்கே உயராது. வந்து சேர்ந்தபொழுது இருந்த தொகையே எத்தனை ஆண்டு சென்றாலும் வரும். பின்னர் வளராத தொகை தொடக்கத்திலேனும் முழுமையாக இருக்கட்டும் என்று அவர் எண்ணுவதில் நியாயம் இருக்கிறது.

அவர் முதலில் வரவுக்கான விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறார். அதற்கு மறுமொழி வரும்வரை ஒரு பவுணும் கட்டுவதில்லை என்பது முடிவு. மிகப் பழைய ஆண்டுக்குரிய தவணை 2026 ஏப்ரல் 5ஆந் திகதியோடு முடிகிறதே என்று மனைவி பதறினாராம். ஆறிலே ஒன்று போனாலும் ஐந்து மீதி. நமக்கு வேண்டியது இரண்டுதானே என்று இவர் பதிலளித்திருக்கிறார். மகளின் பணம் இப்பொழுதைக்கு வங்கியிலேயே கிடக்கிறது.