பழைய ரோலும் அதன் மூட்டமும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் வேதியியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலாவதியான பிலிமைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர், "நம்ம வயசுக்கு ஏத்த தலைப்புதான்" என்றார். சிரிக்கலாம். ஆனால் விஷயம் அவரிடமிருந்துதான் ஆரம்பித்தது. மலருக்காகப் பழைய படங்கள் கேட்டு அவர் சுற்றறிக்கை அனுப்பினார். படங்களோடு கழுவாத ரோல்களும் ஐந்து வந்தன. "நீதானே வீட்டிலேயே பிலிம் கழுவுகிறவன், பார்" என்று என் கையில் கொடுத்துவிட்டார்.

அதில் நாலு ரோலைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்தாவது, நாம் எல்லோரும் 'கிளிக்' என்று கூப்பிட்ட நம் நண்பருடையது. ஆக்ஃபா கிளிக் III கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டே வகுப்புக்கு வருவாரே, அவர்தான். அவர் போய் நான்கு வருஷமாகிறது. அவர் மனைவி இரும்பு பீரோவிலிருந்து எடுத்து அனுப்பியிருந்தார். ஒட்டுத்தாளில் அவர் கையெழுத்தில் 'ஊட்டி 1979' என்று இருந்தது. ரோலும் ஊட்டியில் பிறந்ததுதான். 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிம். பிறந்த ஊருக்கே போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்து, நாற்பது வருஷத்துக்கு மேல் நம் ஊர் வெயிலில் பீரோவுக்குள் கிடந்திருக்கிறது. அந்த ஆலையையும் மூடியாயிற்று.

பழைய பிலிமைக் கழுவினால் படம் இல்லாத இடமும் சாம்பலாக வரும். ஸ்டுடியோக்காரர்கள் 'ஃபாக் அடிச்சிருக்கு' என்பார்கள். நான் மூட்டம் என்கிறேன். காரணம் நம் பாடத்தில் உள்ளதுதான். வெளிச்சம் பட்ட வெள்ளி ஹாலைடு துகளில் நாலைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்தால் போதும், டெவலப்பர் அந்தத் துகளை முழுக்கக் கறுப்பாக்கிவிடும். வெப்பமும் காலமும் இயற்கைக் கதிர்வீச்சும் இதே வேலையை இருட்டிலேயே செய்துவிடுகின்றன. வேகமான பிலிம் சீக்கிரம் கெடும், மெதுவான பிலிம் தாக்குப்பிடிக்கும்.

இதில் இன்னொரு பக்கம் உண்டு. மூட்டம் வளர்ந்துகொண்டிருக்கும் அதே காலத்தில், எடுத்த படத்தின் சுவடு தேய்ந்துகொண்டும் இருக்கிறது. முதலில் போவது நிழல் பகுதி. ஆகவே பழைய பிலிமில் புதிதாகப் படம் எடுப்பது வேறு, என்றோ எடுத்துக் கழுவாமல் விட்டதைக் கழுவுவது வேறு. முதலாவதில் கூடுதலாக வெளிச்சம் கொடுத்து ஈடுகட்டலாம். பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் என்று ஒரு உத்தேசக் கணக்கு சொல்வார்கள். இரண்டாவதில் என்ன கொடுப்பது? 1979ஆம் வருஷத்து வெயிலுக்கு எங்கே போவது?

மூட்டத்தை அடக்கும் மருந்து பென்சோட்ரையசோல். பொட்டாசியம் புரோமைடும் அடக்கும், ஆனால் இதுதான் நறுக்கென்று வேலை செய்யும். 1 கிராமை 100 மி.லி. வெதுவெதுப்பான நீரில் கரைத்து பாட்டிலில் வைத்துக்கொள்ளலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். என் டேங்குக்கு 500 மி.லி. டெவலப்பர் பிடிக்கும். அதற்கு இந்தக் கரைசலில் 5 மி.லி. என்பது தாராளமான அளவு. ஆனால் இந்த மருந்துக்கு மூட்டம் எது, மங்கிப்போன படம் எது என்று முழுசாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூட்டத்தோடு நிழலில் நிற்கும் முகத்தையும் சேர்த்து அமுக்கிவிடும்.

அதனால் முதலில் துண்டு வெட்டிப் பார்த்தேன். 120 ரோலைப் பிரிக்கும்போது பன்னிரண்டாவது படத்துக்கு அப்புறம் உள்ள வெற்றுப் பகுதிதான் முதலில் கைக்கு வரும். முழு இருட்டில், சிவப்பு விளக்கும் இல்லாமல், அதில் 2 செ.மீ. வெட்டி மூன்றாக்கினேன். ஒன்றை ஹைப்போவில் மட்டும் போட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. மருந்தில்லாத டெவலப்பரில் போட்டதை இன்றைய செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்து தெரியவில்லை, ஜன்னலில் பிடித்தால்தான் தெரிந்தது. 5 மி.லி. மருந்து சேர்த்துக் கழுவியதில் தலைப்புச் செய்தியைத் தாராளமாகப் படிக்க முடிந்தது. ஹைப்போ பழசாக இருந்தாலும் பிலிம் பால் போலத் தெரியும். அதை மூட்டம் என்று நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. புது ஹைப்போவில் இன்னும் கொஞ்ச நேரம் போட்டால் சரியாகிவிடும்.

"அப்புறம் என்ன, 5 மி.லி. போட வேண்டியதுதானே?" என்றாள் என் மகள். வெற்றுத் துண்டு மூட்டத்தைப் பற்றித்தான் சொல்லும், படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. துண்டு எவ்வளவு சுத்தமாக வருகிறதோ, அவ்வளவு படமும் போயிருக்கலாம். ரோல் ஒன்றுதான். இரண்டு நாள் யோசித்து 2 மி.லி. என்று முடிவு செய்தேன். மூட்டம் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை, ஸ்கேனரிலோ அழுத்தமான கிரேடு பேப்பரிலோ அதைத் தாண்டிப் படத்தை எடுத்துவிடலாம். கழுவாமல் போன நிழலை எதைக்கொண்டும் எடுக்க முடியாது.

டெவலப்பர் எச்.சி.110, ஒரு பங்குக்கு 31 பங்கு தண்ணீர். மற்றவற்றைவிட இது மூட்டம் குறைவாகத் தரும். பெரிய பாடு வெப்பத்தோடுதான். மாடித் தொட்டித் தண்ணீர் மத்தியானம் 35 டிகிரி. சூடு ஏறினால் மூட்டமும் ஏறும், ஜெலட்டினும் இளகும். விடியற்காலை நாலரைக்கு எழுந்து, பேசினில் ஐஸ் போட்டு, அதற்குள் டேங்கையும் பாட்டில்களையும் வைத்து 18 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். டெவலப்பருக்குள்ளேயே ஐஸ் போடக் கூடாது, நீர்த்துவிடும். ரொம்பவும் குளிர விடவும் கூடாது. 13 டிகிரிக்குக் கீழே போனால் ஹைட்ரோகுவினோன் ஏறக்குறைய தூங்கிவிடும். அலசும் தண்ணீரும் அதே குளிர்ச்சியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஜெலட்டின் சுருங்கும்.

பன்னிரண்டில் ஏழு படங்கள் தேறின. இரண்டில் தாளின் எண்களும் புள்ளிகளும் படத்தின் மேலேயே பதிந்துவிட்டன. பழைய 120 ரோலில் இது சகஜம், இதற்கு மருந்து கிடையாது. மூட்டத்தைப் பின்னால் கரைத்து எடுக்க ஃபார்மர் ரெட்யூசர் என்று 1883ஆம் வருஷத்துச் சரக்கு ஒன்று உண்டு. இதில் நான் கை வைக்கவில்லை. மெல்லிய நிழல்தான் முதலில் கரையும்.

ஏழும் இன்று கண்காட்சிப் பலகையில் இருக்கின்றன. தாவரவியல் பூங்காவில் நாம் வரிசையாக நிற்கிற படத்தைப் பாருங்கள். எல்லோருக்கும் கண் கூசுகிறது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கணும் என்பது அந்தக் கேமராவின் சட்டம். அதனால் படத்தின் அடியில், புல்லின் மேல், எடுத்தவருடைய நிழல் விழுந்திருக்கிறது. முழங்கை இரண்டும் விரிந்து, கேமரா கண்ணருகில். அந்தப் பகுதிதான் நெகட்டிவில் மிக மெல்லியது. அவர் மனைவியிடம் காட்டினேன். "இந்தத் தொப்பி யாரோடதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

கலர் ரோலும் கழுவலாமா என்று ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். பழைய கலர் நெகட்டிவைக் கறுப்பு வெள்ளையாகக் கழுவினால் பல சமயம் ஏதாவது கிடைக்கும். கோடாக்ரோமுக்கு 2010க்குப் பிறகு அது ஒன்றுதான் வழி. வீட்டில் ரோல் வைத்திருப்பவர்கள் அதைப் பிரிஜ்ஜில் வையுங்கள், விமானத்தில் கொண்டுபோனால் எக்ஸ்ரேயில் விடாதீர்கள். கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் தரலாம். எந்த வருஷம், எந்த ஊர் என்று ஒரு தாளில் எழுதிச் சுற்றிக் கொடுங்கள்.