கழுகுமலைப் பள்ளி: உண்டியும் உறையுளும் கல்வியும்

 

'பள்ளி' என்னும் சொல் முதலில் படுக்கையைக் குறித்தது. பின்னர்த் துறவியர் உறைவிடத்தையும், அதன்பின் கல்விக்கூடத்தையும் குறிக்கலாயிற்று. உறைவிடக் கல்வி தமிழகத்தில் வளர்ந்த வழியும் இதுவே. அதன் முதற்படி பொருநைக் கரையில் உள்ளது. சீவலப்பேரியை அடுத்த மறுகால்தலைக் குன்றில், துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்தளித்தவரின் பெயர் தமிழ்ப் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது.

பல நூற்றாண்டுகள் கழித்து, திருநெல்வேலிக்கு வடக்கே, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள கழுகுமலையில் அப்படுக்கை பெரும்பள்ளியாக மலர்ந்தது. பாண்டியர் காலத்தில், கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில், அது சிறந்து விளங்கியது. மலைப்பாறையில் ஏறத்தாழ 150 திருமேனிகள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின்கீழ் ஏறத்தாழ 100 வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. இன்றைய அறிஞர் சிலர் இதனைச் சமணப் பல்கலைக்கழகம் என்றே அழைப்பர்.

பெரும்பாலான கல்வெட்டுகள் ஓரிரு வரிகளே. இன்ன ஊரார், இன்னாரின் மாணாக்கர், செய்வித்த திருமேனி என்ற அளவில் அவை முடிகின்றன. ஆயினும் அவ்வரிகளில் ஒரு கல்விக் குடும்பமே தெரிகின்றது. திருநெல்வேலிக்கு அண்மையிலுள்ள களக்குடி நாடு, குமரி நாட்டுக் கோட்டாறு, திருச்சாரணம், பாண்டி நாட்டுக் குறண்டி, தொலைவிலுள்ள திருநறுங்கொண்டை முதலிய ஊர்களின் பெயர்கள் அங்கே காணப்படுகின்றன. திருமேனி செய்வித்தோருள் தச்சரும் குயவரும் உண்டு.

இவற்றினும் சிறந்த செய்தி ஒன்று உண்டு. ஆசிரியராகிய குரவர்க்கு நிகராகக் குரத்தியரும் அங்கே குறிக்கப்படுகின்றனர். திருச்சாரணத்துக் குரத்தி, மிழலூர்க் குரத்தி எனப் பெண்பாலாசிரியர் ஊர்ப்பெயரோடு மதிக்கப்பட்டனர். அவர்க்கு மாணாக்கரும் இருந்தனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே பெண்டிர் கற்பித்தமைக்கு இப்பாறை சான்றாகும்.

இப்பள்ளி எதனால் நிலைபெற்றது? சித்தாந்தம் உரைக்கும் துறவியர்க்கு உணவளிக்க விடப்பட்ட அறக்கொடையைக் கல்வெட்டு ஒன்று கூறுகின்றது. உண்டி, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் முதலாவதே மூன்றாவதைத் தாங்கி நின்றது. கேட்போர் பசியாறாமலும், உரைப்போர் தங்க இடமின்றியும் எந்நூலும் உரைக்கப்பட்டிராது.

இன்று அம்மலையில் ஓதுவோர் இல்லை. தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பெரும்பாலும் வட மாவட்டங்களிலேயே வாழ்கின்றன. பாறை ஆசிரியர்களின் பெயர்களைக் காத்தது. அவர்கள் உரைத்த பாடத்தைக் காக்க அதனால் இயலவில்லை. பாடம் மாணாக்கர் வழியாகவே வாழும்.

திருவிழாக் காலத்தில் அன்னதானம் செய்யும் ஒவ்வொரு குடும்பமும், வெளியூரில் தங்கிப் பயிலும் ஒரு மாணவியின் ஓராண்டு உணவையும் உறைவிடத்தையும் ஏற்குமாயின், கழுகுமலைக் குரத்தியரின் மரபு மீண்டும் தொடரும். அங்கே திருமேனி செய்வித்த தச்சரும் குயவரும் பெருஞ்செல்வர் அல்லர். தம்மால் இயன்றதைச் செய்தனர்.

அறம் வளர்க! கல்வி தழைக்க!