பெருங்குடல் புற்றுநோய்: தலையெழுத்தா, புள்ளடியா?

(தோட்ட சுகாதாரக் கூட்டமொன்றில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துக் கொடுத்துட்டுக் களைச்சுப்போய் வந்திருக்கீங்க. அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குப் பேசப்போவது நாம் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற ஒரு நோயைப் பற்றி. பெருங்குடலிலும், அதன் கடைசிப் பகுதியான மலக்குடலிலும் வருகிற புற்றுநோய்.

வெத்திலை, புகையிலையால் வாய்ப் புற்றுநோய் வரும் என்று நமக்குத் தெரியும். வாயில் புண் வந்தால் பக்கத்துக் காம்பராக்காரர்கூடப் பார்த்துச் சொல்லிடுவார். குடலுக்குள்ளே வருவது யார் கண்ணுக்கும் தெரியாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 19 இலட்சம் பேருக்கு இந்த நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சுமார் 9 இலட்சம் பேர் இதனால் இறந்தார்கள். நம் நாட்டிலும் ஆண், பெண் இருபாலாரிடமும் கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று.

லயத்தில் இந்த நோய் என்று கேள்விப்பட்டால் மூன்று பேச்சு கிளம்பும். "அவன் தலையெழுத்து" என்பார் ஒருவர். "பரம்பரை நோய், அந்த வீட்டில் பொண்ணு எடுக்காதீங்க" என்பார் இன்னொருவர். "புற்று வந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன ஆகப்போகுது" என்பார் மூன்றாமவர். இந்த மூன்று பேச்சும் சரிதானா என்று பார்ப்போம்.

நமக்குத் தெரிந்த செக்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேருடைய பேரும் அதில் இருக்கு. ஆனால் பேர் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் ஒரே மலைக்குப் போவதில்லை. நம் உடம்பும் அப்படித்தான். உடம்பின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு செக்ரோல் இருக்கு. அதில் சுமார் 20,000 பேர்கள். அவற்றைத்தான் பரம்பரை அலகு, அதாவது ஜீன், என்கிறோம். தோலில் உள்ள கலத்துக்கும் குடலில் உள்ள கலத்துக்கும் செக்ரோல் ஒன்றுதான். ஆனால் தோலில் ஒரு கூட்டம் வேலை செய்யும், குடலில் வேறொரு கூட்டம் வேலை செய்யும்.

யார் வேலைக்கு, யார் சும்மா இருக்க என்று காட்டுகிற வழிகளில் ஒன்று மீதைல் என்ற அடையாளம். ஒரு காபனும் மூன்று ஐதரசனும் சேர்ந்த சின்னஞ்சிறு பொருள் அது. வாக்குச் சீட்டில் நாம் போடுகிற புள்ளடி மாதிரி ஜீனின் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பேர் அழியவில்லை, எழுத்தும் மாறவில்லை. ஆனால் அப்படிப் புள்ளடி விழுந்த ஜீன் பெரும்பாலும் வேலை செய்யாது. இந்த மாதிரி மாற்றங்களை எபிஜெனடிக் மாற்றம் என்று சொல்கிறார்கள்.

1983இல் அமெரிக்காவில் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க், பெர்ட் வோகல்ஸ்டைன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் குடல் புற்றுநோய்க் கட்டியையும் அதே ஆளின் நல்ல குடலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கட்டியில் பல இடங்களில் இந்தப் புள்ளடிகள் குறைந்துபோயிருந்தன. பிறகு வந்த ஆய்வுகளில் இதற்கு நேர்மாறான காரியமும் தெரியவந்தது. நல்ல வேலைக்கார ஜீன்கள் சிலவற்றின் மேல் புதிதாகப் புள்ளடி விழுந்திருந்தது.

அப்படி மாட்டிக்கொள்கிற ஒரு ஜீனின் பெயர் எம்.எல்.எச்.1. இது பழுதுபார்க்கிற பாஸ் மாதிரி. கலம் இரண்டாகப் பெருகும்போது செக்ரோலைப் புதிதாகப் பிரதி எடுக்கும். அப்போது விழுகிற எழுத்துப் பிழைகளைத் திருத்துகிற கூட்டத்தில் இவரும் ஒருவர். இவர் மேல் புள்ளடி விழுந்தால் பிழைகள் குவியும். 100 குடல் புற்றுநோய்களில் சுமார் 15 இந்தப் பழுதுபார்க்கும் வேலை நின்றுபோன வகை. அதில் பெரும்பாலானவற்றுக்கு எம்.எல்.எச்.1இல் விழுந்த புள்ளடிதான் காரணம். வயதானவர்களிடம், முக்கியமாகப் பெண்களிடம், பெருங்குடலின் வலது பக்கத்தில்தான் இது கூடுதலாக வருகிறது.

இப்போது பரம்பரை என்ற பேச்சுக்கு வருவோம். சில குடும்பங்களில் எம்.எல்.எச்.1 அல்லது அதன் கூட்டாளி ஜீனின் எழுத்தே பிறப்பிலிருந்து பிழையாக இருக்கும். அதற்கு லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி என்று பெயர். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அந்தப் பிள்ளைகள் இளம் வயதிலேயே குடல் பரிசோதனை செய்துகொண்டால் நோயைத் தடுக்கலாம், அல்லது ஆரம்பத்திலேயே பிடிக்கலாம். ஆனால் கட்டியில் அந்த ஜீனின் மேல் புள்ளடி காணப்பட்டால், பெரும்பாலும் அது பரம்பரையாக வந்ததல்ல, அந்த ஆளின் குடலிலேயே காலப்போக்கில் வந்தது என்று டொக்டர்மார் எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே அம்மாவுக்கு நோய் வந்ததை வைத்து மகளின் கலியாணத்தை நிறுத்துவதற்கு நியாயமே இல்லை. மறைத்து வைத்தால் நஷ்டம் பிள்ளைகளுக்குத்தான்.

இந்த அடையாளங்கள் நோய் எப்படிப் போகும் என்றும் ஓரளவு காட்டுகின்றன. பழுதுபார்ப்பு நின்ற வகை, பரவுவதற்கு முன் பிடிபட்டால், மற்ற வகையைவிடப் பொதுவாக நல்ல முடிவைத் தருகிறது. வழக்கமாகக் கொடுக்கும் ஃப்ளூரோயுராசில் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்தால் இந்த வகை நோயாளிகளுக்குப் பிரயோசனம் தெரியவில்லை என்று 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஒரு மருந்தை, இந்த வகை பரவிவிட்டால் முதலிலேயே கொடுக்கலாம் என்று 2020இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். கட்டியின் அடையாளம் பார்த்து மருந்து தேர்ந்தெடுக்கிற காலம் வந்திருக்கிறது.

இன்னொரு அடையாளத்தின் பெயரைக் கேட்டால் சிரிப்பீங்க. அதுக்குப் பேரு லைன்-1. நம்ம லயத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. செக்ரோலில் திரும்பத் திரும்ப வருகிற, அடக்கி வைக்க வேண்டிய பகுதி அது. நல்ல கலத்தில் அதன் மேல் நிறையப் புள்ளடி இருக்கும். கட்டியில் அது மிகவும் அழிந்துபோன நோயாளிகளுக்கு உயிராபத்துக் கூடுதல் என்று 2008இல் பொஸ்டன் நகர ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

புள்ளடியை வைத்து நோயைத் தேடும் சோதனைகளும் வந்துவிட்டன. மலத்தில் பார்க்கும் ஒரு சோதனைக்கு 2014இலும், இரத்தத்தில் பார்க்கும் ஒரு சோதனைக்கு 2016இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இதெல்லாம் நம்ம தோட்டத்து மருந்துச்சாலையில் செய்கிற காரியமல்ல. அதற்காக நாம் காத்திருக்கவும் தேவையில்லை. ஏனென்றால் எந்தப் புள்ளடியையும்விடப் பெரிய அடையாளம் ஒன்று இருக்கிறது. நாம் எந்தக் கட்டத்தில் டொக்டரிடம் போகிறோம் என்பதுதான் அது. அமெரிக்கக் கணக்குப்படி, நோய் குடலோடு நிற்கும்போது பிடித்தால் 10 பேரில் சுமார் 9 பேர் ஐந்து வருஷத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிவிட்டால் 10 பேரில் ஒன்றிரண்டு பேர்தான். ஆஸ்பத்திரிக்குப் போய் என்ன ஆகப்போகுது என்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

மலத்தில் இரத்தம் போனால் "மூலம், உடம்புச் சூடு" என்று வெந்தயம் குடிச்சுட்டு இருந்துவிடாதீங்க. மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியது டொக்டர். மூன்று வாரத்துக்கு மேல் வயிற்றுப்போக்கோ மலச்சிக்கலோ மாறி மாறி வந்தாலும், காரணமில்லாமல் உடம்பு மெலிந்தாலும், வயிற்றில் கட்டி தட்டுப்பட்டாலும் காட்டணும்.

தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேளுங்க. "இரத்தம் குறைவு" என்பது நம் தோட்டங்களில் பழகிப்போன பேச்சு. மலை ஏற மூச்சு வாங்கினால் இரும்புச்சத்து மாத்திரை குடிக்கிறோம், வேலைக்குப் போகிறோம். ஆனால் குடலின் வலது பக்கக் கட்டி பல தடவை கண்ணுக்குத் தெரியாமல் சொட்டுச் சொட்டாகத்தான் இரத்தம் கசியும். வெளியில் தெரிவது களைப்பும் வெளுப்பும்தான். ஆகவே மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ இரத்தம் குறைந்தால், "எதனால் குறையுது, குடலையும் பார்க்கணுமா?" என்று டொக்டரிடம் கேளுங்க. இரும்பு மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதனால் மாத்திரை குடிப்பதையும் மறக்காமல் சொல்லுங்க. குடும்பத்தில் யாருக்காவது, முக்கியமாக 50 வயதுக்கு முன், இந்த நோய் வந்திருந்தால் அதையும் சொல்லணும்.

முதலில் தோட்டத்து வைத்திய உதவியாளரிடம் காட்டித் துண்டு வாங்குங்க. கலஹா, தெல்தோட்டைப் பக்கத்தவர்கள் பேராதனை போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். புசல்லாவைப் பக்கத்தவர்களும் கம்பளை வழியாக அங்கே வரலாம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. கமரா பொருத்திய குழாயைவிட்டுக் குடலைப் பார்ப்பதுதான் கொலோனோஸ்கோப்பி. சின்ன முளைகள் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். ஒரு முளை புற்றாக மாறப் பொதுவாகப் பல வருஷம் பிடிக்கும். அந்தப் பல வருஷமும் நமக்குக் கிடைத்த தவணை.

ஒரு நாள் பேர் போகுமே என்று யோசிப்பீங்க. நியாயமான கவலைதான். கிளினிக் துண்டோடு என்னிடம் வாங்க, லீவு விஷயம் பேசுவோம். ஐயாமார் புகையையும் கசிப்பையும் விடணும். எல்லா மதுவும் இந்த நோய்க்கு வழி திறக்கும். புள்ளடி கூடுதலாக விழுந்த கட்டிகளுக்கும் சிகரெட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

தலையெழுத்து என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். கூட்டம் முடிந்ததும் கேட்க வெட்கப்படுகிற அக்காமார், அம்மாமார் மருத்துவமாதுவிடம் தனியாகப் பேசலாம். பெரியவர்கள் என்னிடம் வாங்க.