சர்வே எண்ணையும் டேக் செய்வோம்

(செங்கல்பட்டில் தொண்டு நிறுவன இளம் பணியாளர்களிடம் பேசியது)



2021 அக்டோபரில் மாமல்லபுரம் கோயில் அன்னதானத்தில் தன்னை உட்காரவிடவில்லை என்று பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவர் பேசிய காணொலியை நம்மில் பலர் பகிர்ந்தோம். சில நாட்களில் அமைச்சர் அவர் பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4 அன்று முதல்வரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் மக்களுக்குப் பட்டா கொடுத்தார். ஒரு காணொலி இவ்வளவு செய்தது.

ஆனால் எல்லாப் போராட்டமும் காணொலியால் முடிவதில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. பறிபோன அந்த நிலத்தை மீட்கக் காரணை மக்கள் போராடினார்கள். 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். நில வழக்கில் கண்ணீரைக் காட்டினால் போதாது, காகிதத்தைக் காட்ட வேண்டும்.

அந்தக் காகிதம் நம் செல்போன்களில்தான் சிதறிக் கிடக்கிறது. கள ஆய்வின்போது ஒரு பெரியவர் வாட்ஸ்அப்பில் வந்த பழைய ‘அ’ பதிவேட்டின் படத்தைக் காட்டினார். எந்த ஊர், யார் எடுத்தது என எந்தக் குறிப்பும் இல்லை. அதை வைத்து அவரால் ஒரு மனுகூட எழுத முடியவில்லை.

கோபத்துக்கு ஹேஷ்டேக் போடும் நாம் ஆதாரத்துக்கும் போடுவோம். ஒவ்வொரு படத்துக்கும் நான்கு டேக் போதும்: ஊர், சர்வே எண், ஆவண வகை, ஆண்டு. ஓர் அமைப்பு ‘பஞ்சமி’ என்றும் இன்னொன்று ‘டி.சி. நிலம்’ என்றும் போட்டால், தேடும்போது பாதிதான் கிடைக்கும். எல்லோரும் கூடி ஒரே சொல்லை முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஃபேஸ்புக்கை நம்பி விடாமல், பொதுவான கூகுள் டிரைவிலும் சொந்த ஹார்ட் டிஸ்கிலும் ஒரு பிரதி வையுங்கள்.

டேக் செய்யக் கூடாதவையும் உண்டு. புகார் கொடுத்தவரின் முகம், பெயர், வீடு இருக்கும் இடம் ஆகியவற்றை அவர் சம்மதமில்லாமல் போடாதீர்கள். லைக் நமக்கு விழும், அடி அவருக்கு விழும்.

திரமென்ஹீர் அறிக்கை 130 ஆண்டுகள் கழித்தும் நமக்கு உதவுகிறது. காரணம், அது கோப்பில் இருந்தது, தேடியவர்களுக்குக் கிடைத்தது. நம் மக்கள் சேர்த்த ஆவணமும் நாளை தேடும் பிள்ளைகளுக்கு அப்படிக் கிடைக்க வேண்டும்.

ஜெய்பீம்!