புள்ளியும் பிள்ளையும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூறு ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டு வரும் பாடசாலை இது. அந்தப் புள்ளியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். எங்கள் நாட்டின் இனப்பிரச்சினையைப் பரீட்சைப் புள்ளியைத் தவிர்த்து யாரும் எழுதிவிட முடியாது.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியின்போது மருத்துவம் படிக்கத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. எழுதிய மொழி மட்டுமே வேறு. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. கல்வியையே சொத்தாக நம்பிய சமூகத்தில் அது எவ்வளவு கோபத்தை மூட்டியது என்பதும், அக்கோபம் எங்கு கொண்டுபோய் விட்டது என்பதும் இந்த மண்ணில் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஆனால் வன்னியில் பிறந்த நாங்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. "தரப்படுத்தல்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு விடயங்கள் கிடக்கின்றன. மொழிவாரி வெட்டுப்புள்ளி ஒரு பிள்ளை யார் என்று பார்த்தது. மாவட்ட ஒதுக்கீடோ அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேட்கக்கூடியது: விஞ்ஞான ஆசிரியர் இருந்தாரா, ஆய்வுகூடம் இருந்ததா, பஸ் வந்ததா? முதலாவது அநீதி. இரண்டாவது, அநீதியான காலத்தில் பிறந்தாலும், நியாயமான கேள்வி.

அந்தக் கேள்வியும் எல்லோருக்கும் ஒரேமாதிரி உதவவில்லை. 1984 வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆகவே 1974இல் பரந்தனில் படித்த பிள்ளையும் யாழ் நகரின் பெரிய கல்லூரிப் பிள்ளையும் ஒரே மாவட்டப் பட்டியலில் நின்றார்கள். கோட்டை எங்கே கீறுகிறோம் என்பதே சிலரின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிட்டது.

இன்று மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அந்தப் பதினாறில் உண்டு. 2001 முதல் இசட் புள்ளி வந்தது. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவி எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறாள் என்று அது பார்க்கிறது. கடினமான வினாத்தாள் வந்த பாடத்தை எடுத்தவள் அதனால் நட்டப்படமாட்டாள்.

நாங்கள் பல்கலைக்கழகம் போன காலத்தில், "நீங்கள் கோட்டாவில் வந்த ஆக்கள்தானே" என்ற பேச்சைக் கேட்டிருக்கிறோம். இடம்பெயர்ந்து, மரத்தடியிலும் குப்பி விளக்கிலும் படித்துவிட்டு வந்தவர்களிடம் அப்படிக் கேட்டார்கள். இன்று அந்தப் பேச்சைக் கேட்கும் தங்கைமாருக்கு ஒரு பதில் சொல்கிறோம். ஒதுக்கீடு திறந்தது வாசற்கதவை மட்டுமே. மருத்துவ பீடத்தின் இறுதிப் பரீட்சையில் எவருக்கும் மாவட்டப் புள்ளி கிடையாது. நோயாளி வந்து படுக்கும் கட்டிலிலும் கிடையாது.

எங்களுக்குக் கிடைத்த நியாயத்தை எங்களுக்குள்ளும் கொடுக்கிறோமா? 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறின. அவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். தோட்ட வேலைக்கும் கூலிக்கும் போகும் தாயின் பிள்ளையும், நகரில் நாலு பாடத்துக்கும் ரியூசன் போகும் பிள்ளையும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் அடங்கிவிடுகிறார்கள். "அதுகளுக்குப் படிப்பு ஏறாது" என்று எங்களில் யாராவது சொன்னால், ஐம்பது வருடத்துக்கு முன் எங்களைப் பார்த்துக் கீறிய கோட்டை நாங்களே திரும்பக் கீறுகிறோம்.

கிளினிக்கில் குழந்தையின் நிறையை மாதாமாதம் அட்டையில் குறிப்போம். ஒரு மாத நிறையைப் பார்த்து "இது மோசமான பிள்ளை" என்று எழுதுவதில்லை. கோடு ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்று பார்ப்போம். நின்றால் தாயிடம் காரணம் கேட்போம்: பால் போதவில்லையா, வீட்டில் சாப்பாடு இல்லையா, வயிற்றோட்டமா? அளப்பதே உதவி செய்யத்தான். கணிதத்தில் டபிள்யூ எடுத்த பிள்ளையிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். காலையில் சாப்பிட்டாளா, கரும்பலகை தெரிகிறதா, தம்பியைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? கண்ணாடி போட்டதும் கணிதம் விளங்கத் தொடங்கிய பிள்ளைகளும் உண்டு.

ஆகவே சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்பது ஏ எடுத்தவரின் படத்தை வாசலில் பதாகையாகப் போடுகிறோம், போடுவோம். அதே அளவில், டபிள்யூவிலிருந்து சீக்கு ஏறிய பிள்ளைகளையும் அவர்கள் விரும்பினால் வாழ்த்துவோம். இரண்டாவது, வருடத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளின் பார்வையையும் செவியையும் பரிசோதிப்போம். எங்களில் வைத்தியர்களும் தாதியரும் போதுமான அளவு இருக்கிறோம். மூன்றாவது, பின்னேர வகுப்பைக் காசில்லாமல் பாடசாலையிலேயே வைத்து, தூரத்துப் பிள்ளைகள் வீடு போகும் வாகனச் செலவை நாங்கள் ஏற்போம்.

அடுத்த நூற்றாண்டின் முதல் தவணை தொடங்கும்போது இந்த வாசலால் வரும் பிள்ளையிடம் எங்கிருந்து வந்தாய் என்று கேட்போம். அந்தக் கேள்வி அவளை ஒதுக்குவதற்கல்ல, அவளுக்கு என்ன தேவை என்று அறிவதற்காக இருக்கட்டும்.