பூட்டு ஏசாது

(நூற்றாண்டு விழாவையொட்டி, ஆரம்பப் பிரிவுக்கு உதவும் பழைய மாணவிகள் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூறு வயதை எட்டிய கல்லூரியின் மேடையில் ஆறு வயதுப் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதைச் சின்ன விடயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. எங்கள் நாட்டில் 1999 முதல் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதலிரு தரங்களில் விளையாட்டுக்கே முதலிடம் கொடுத்தது. செயற்பாடு அதற்கடுத்தது, எழுத்துவேலை கடைசியில்தான். ஆனால் வீட்டில் நிலைமை வேறு. தரம் ஐந்து புலமைப்பரிசிலின் நிழல் தரம் ஒன்றிலேயே விழுந்துவிடுகிறது. "பிள்ளை படிக்கிறாளில்லை, விளையாடிக்கொண்டிருக்கிறாள்" என்பதே பல தாய்மாரின் முறைப்பாடு. படிப்பும் விளையாட்டும் ஒரே வேலையாக இருக்கக்கூடிய ஒரு வழியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

"எஸ்கேப் ரூம்" எனப்படும் தப்பிக்கும் அறை விளையாட்டை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். ஒரு குழு அறையினுள் போகும். அங்கே ஒளித்து வைத்த புதிர்களை அவிழ்த்து, பூட்டுகளைத் திறந்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வர வேண்டும். கணினித் திரையில் இருந்த இவ்விளையாட்டை 2007 இல் ஜப்பானின் கியோட்டோ நகரில் தக்காவோ கட்டோ என்பவர் உண்மையான அறைக்குக் கொண்டுவந்தார். பிறகு ஆசிரியர்கள் இதை வகுப்புக்கு ஏற்றபடி மாற்றினார்கள். அறைக்குப் பதில் ஒரு பெட்டி வந்தது. பிள்ளைகள் வெளியேற வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருப்பதுதான் வெளியே வர வேண்டும்.

இந்த மாற்றம் வசதிக்காக மட்டுமல்ல. 2019 ஜனவரியில் போலந்தின் கொஷாலின் நகரில் இத்தகைய விளையாட்டு நிலையமொன்றில் தீப்பிடித்தபோது, பிறந்தநாள் கொண்டாடப் போயிருந்த ஐந்து பதினைந்து வயதுச் சிறுமியர் வெளியேற முடியாமல் உயிரிழந்தார்கள். ஆகவே எங்கள் முதல் விதி இது: வகுப்பறைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். பூட்டுவது பெட்டியை மட்டுமே.

இனி, தரம் இரண்டு பிள்ளைகளுக்கான ஒரு பெட்டியை எப்படித் தயார் செய்வது என்று பார்ப்போம். பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றுக்குக் கொண்டி பொருத்தி, மூன்று இலக்கப் பூட்டொன்றைப் போடுகிறோம். மேசையில் மூன்று படங்கள்: பட்டம், லட்டு, கை. முதல் எழுத்துகளைச் சேர்த்தால் "பலகை". பிள்ளைகள் கரும்பலகைக்கு ஓடுவார்கள். அதன் பின்னால் மூன்று நிறங்களில் மூன்று கடித உறைகள் இருக்கும்.

சிவப்பு உறையோடு ஒரு பை புளியங்கொட்டை. பத்துப் பத்தாகக் குவித்தால் மிஞ்சுவது எத்தனை? இருபத்தேழு கொட்டை இருந்தால் விடை ஏழு. பச்சை உறையில் பால், தேள், கல், முள், வாள் என ஐந்து சொற்கள். "ள்" இல் முடிபவை எத்தனை? மூன்று. நீல உறையில் நான்கு பூக்கள் வரைந்த சாடி ஒன்று. ஒன்பதாக்க இன்னும் எத்தனை வேண்டும்? ஐந்து. பூட்டின் மேல் ஒட்டிய நிறப் பொட்டுகள் எந்த இலக்கம் எங்கே வரும் என்று சொல்லும். ஏழு, மூன்று, ஐந்து. பூட்டுத் திறக்கும்.

எழுத்து அறிதல், சொல்லின் ஒலியைப் பிரித்துக் கேட்டல், பத்தினடி எண்ணல், கூட்டலின் மறுபக்கம், ஒழுங்கு ஆகிய அனைத்தும் இருபது நிமிடத்தில் வந்துபோகின்றன. பயிற்சிக் கொப்பியில் இதே கணக்குகளைச் செய்யக் கொட்டாவி விடும் பிள்ளை இங்கே கதிரையில் இருக்கமாட்டாள்.

முன்பள்ளிச் சிறுவருக்கு இலக்கப் பூட்டு வேண்டாம். அளவில் வேறுபட்ட நான்கு ஆமைப்பூட்டுகளும் அவற்றின் திறப்புகளும் போதும். எது எதற்குப் பொருந்தும் என்று பார்ப்பதே புதிர். மூன்று விரலால் திறப்பைப் பிடித்துத் திருப்பும் கை, பின்னாளில் பென்சில் பிடிக்கப் பழகும் கை.

இதில் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. வகுப்பில் ஒரு பிள்ளை பிழையான விடை சொன்னால் ஆசிரியையின் முகம் மாறும், அல்லது மாறியதாகப் பிள்ளை நினைக்கும். பக்கத்திலிருப்பவர்கள் சிரிப்பார்கள். கொப்பியில் சிவப்புக் கோடு விழும். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தால், சில பிள்ளைகள் வாய் திறப்பதையே விட்டுவிடுவார்கள். விடை தெரிந்தும் பேசாதிருப்பார்கள். அந்தப் பேசாமை பல ஆண்டுகளுக்குத் தொடரும் என்பது இங்கிருக்கும் ஆசிரியைகளுக்குத் தெரியும்.

பூட்டு ஏசாது. பிழையான இலக்கத்தைப் போட்டால் திறக்காது, அவ்வளவுதான். அது யாரிடமும் போய்ச் சொல்லாது, புள்ளி குறைக்காது, அக்காவோடு ஒப்பிடாது. பிள்ளை இன்னொரு முறை எண்ணிப் பார்க்கிறாள். எங்கள் நாட்டில் முன்பள்ளிக்கே தன் பெயர் வழங்கும்படி வாழ்ந்த மரியா மொண்டிசோரி அம்மையார், பிழையைப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும் என்றார். அவருடைய உருளைக் கட்டைகளில் ஒன்றைப் பிழையான குழியில் வைத்தால், கடைசிக் கட்டைக்கு இடம் பொருந்தாது. பெரியவர் எவரும் சொல்லாமலே பிள்ளை உணர்ந்து திருத்துவாள். பூட்டுப் பெட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி எல்லாப் புதிரையும் தானே அவிழ்த்துவிட, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேசாத பிள்ளை இன்னும் பின்னுக்குப் போவாள். அதனால் ஒரு குழுவில் நால்வருக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டு இருக்க வேண்டும். அது இல்லாமல் விடை வரக்கூடாது. குழுக்களுக்கிடையே போட்டியும் வேண்டாம். ஒவ்வொரு குழுவின் பெட்டியிலும் ஓர் எழுத்தை வைத்து, எல்லா எழுத்தும் சேர்ந்தால்தான் கடைசிப் பெட்டி திறக்கும்படி செய்தால், முதலில் முடித்தவர்கள் தாங்களாகவே மற்றக் குழுவுக்கு உதவப் போவார்கள். மணிக்கூட்டைக் காட்டி அவசரப்படுத்தாமல், இரண்டு உதவிச் சீட்டுகளைக் கொடுத்துவிடுங்கள்.

பெட்டி திறந்ததும் வேலை முடியவில்லை. "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டு ஐந்து நிமிடம் பிள்ளைகளைக் கதைக்க விட வேண்டும். செய்ததைச் சொல்லும்போதுதான் கற்றது மனதில் நிற்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பெட்டி ஆசிரியையின் இடத்தைப் பிடிக்காது. தெரியாத எழுத்தை எந்தப் பூட்டும் சொல்லித்தராது. ஆசிரியை கற்பித்த பிறகு, அதைப் பயிலவும், யாருக்கு எது இன்னும் விளங்கவில்லை என்று ஒரு மூலையில் நின்று அவதானிக்கவும் இது உதவும். மாதம் ஒரு தடவை போதும். தினமும் வைத்தால் புதினம் போய்விடும்.

இது முற்றிலும் அந்நியமான சரக்குமல்ல. அம்மம்மாமார் நொடி போட்டு எங்களை யோசிக்க வைத்தார்கள். கொக்கான் விளையாடி நாங்கள் எண்ணப் பழகினோம். பூட்டு மட்டுமே புதிது.

நூற்றாண்டை ஒட்டி, கல்லூரிக்கு என்ன அனுப்பலாம் என்று வெளிநாடுகளிலிருந்து பலர் கேட்கிறீர்கள். பெரிய திரைகளுக்கு முன்னர் இதைக் கேட்கிறோம்: ஒவ்வொருவரும் உங்கள் தொழிலிலிருந்து ஒரு புதிர் எழுதி அனுப்புங்கள். தாதியாக இருப்பவர் மருந்து நேரத்தை வைத்து மணிக்கூடு பார்க்கும் புதிர் செய்யலாம். வங்கியில் இருப்பவர் சில்லறை எண்ணும் புதிர் செய்யலாம். தையல் தெரிந்தவர் அளவுநாடாவை வைத்துச் செய்யலாம். ஊரில் இருப்பவர்கள் வெறும் தகரப் பெட்டிகளைக் கொண்டுவந்து, மாதத்தில் ஒரு காலைப்பொழுதை ஆரம்பப் பிரிவுக்குத் தாருங்கள்.

எங்கள் வகுப்புகளிலும் பேசாத பிள்ளைகள் இருந்தார்கள். இன்று தரம் ஒன்றில் இருக்கும் பேசாத பிள்ளைக்கு, பிழைவிடப் பயப்படாத ஒரு மணி நேரத்தையாவது நாம் சேர்ந்து கொடுப்போம்.